கொசுறு மீன்

கொசுறு வாங்காமல் கடையை விட்டு இறங்கினால் செண்பகத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு முழம் பூவுக்கு விரல்கடை நீளம் கூடுதல், எதுவும் தேறாத கடையில் ஒரு பச்சை மிளகாயாவது. திண்டிவனம் மார்க்கெட்டில் அவள் தலை தெரிந்ததுமே கறிவேப்பிலையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு. கேட்டு வாங்குவதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்பட்டால் குடும்பம் நடக்குமா என்ன?

ஆனால் விழுப்புரத்தில் ஒரு மீன் கடையில் போய்க் கொசுறு கேட்டாள் பாருங்கள், அதுதான் வம்பாகப் போயிற்று. மீன் கடை என்றால் குழம்பு மீன் விற்கிற கடை இல்லை. கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்ப்பார்களே, அந்த மீன். ஐம்பத்தெட்டு வயதில் இவளுக்கு எதற்கு வேடிக்கை மீன் என்று கேட்பீர்கள். எல்லாம் வீட்டுக்காரருக்காகத்தான்.

தென்னரசு என்றால் திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், தெரியாதவர் கிடையாது. அங்கே ஏலம் கூறுவது அவர்தான். மூட்டை மேல் ஏறி நின்று குரல் கொடுத்தார் என்றால் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருக்கிற வியாபாரி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அப்படிப்பட்ட தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். உப்பு குறைந்தால் பக்கத்து வீட்டு வீரம்மாளுக்கும் தெரிந்துவிடும். "கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன், காது கிழியுது" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள் செண்பகம். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது? மாசி மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கோல் ஊன்றிக் கொல்லைப்புறம் வரைக்கும் போய்வந்தார். பேச்சுதான் சண்டித்தனம் பண்ணியது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் செண்பகத்தை உட்கார வைத்துச் சொன்னாள்.

"புத்தியில ஒரு கோளாறும் இல்லம்மா. நாம பேசறது அத்தனையும் அவருக்குப் புரியுது. வார்த்தைய எடுக்கத்தான் வழி தெரியல. தப்போ சரியோ, அவரு வாயத் தொறந்து பேசிக்கினே இருக்கணும். ஆரம்பத்துல வுட்டுட்டா அப்பறம் ரொம்பக் கஷ்டம்."

தென்னரசு முயற்சி பண்ணத்தான் செய்தார். அந்தப் பாழாய்ப்போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு வல்லம் பக்கத்து விவசாயிகள் நாலைந்து பேர், வருஷா வருஷம் இவரிடம் மூட்டை கொண்டுவந்து போடுகிறவர்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தார்கள். 'வாங்க, உக்காருங்க' என்று சொல்ல நினைத்தார் தென்னரசு. வாயில் வந்ததோ "அம்பது... அம்பது... அம்பது." மண்டியில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் அல்லவா, அது மட்டும் தானாக வந்துவிட்டது. வந்தவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. துண்டால் வாயை மூடினான். மூடி என்ன பிரயோசனம், தோள் குலுங்கியதே. அவன் கெட்டவன் இல்லை, பாவம், சில பேருக்குத் துக்க வீட்டில்கூட அப்படி வந்துவிடும். ஆனால் தென்னரசு அதைப் பார்த்துவிட்டார்.

அன்றோடு வாயை மூடிக்கொண்டார். விழுப்புரத்துக்கு வரமாட்டேன் என்று கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டார். கூடத்துக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். சோறு ரெண்டு வாய். யார் எது கேட்டாலும் செண்பகமே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். நாள் போகிறதே, இந்த மனுஷன் வாயைத் திறக்காமலே போய்விடுவாரோ என்ற பயம் அவளுக்குச் சமையல் செய்யும்போதும் போகவில்லை, சாமி கும்பிடும்போதும் போகவில்லை.

விழுப்புரத்தில் வாக்கப்பட்டிருக்கும் மகள் அருணாதான் யோசனை சொன்னாள். "அப்பா சுவத்தையே பாத்துக்கினு கெடக்கறாரு. அந்த சுவத்தாண்டையே எதனா வச்சாத்தான் இன்னா? எங்கூட்டுல ரெண்டடி மீன் தொட்டி ஒண்ணு சும்மா கெடக்குது." மாப்பிள்ளை தொட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு வைத்து, மணல் கொட்டி, ஒரு பிளாஸ்டிக் கோட்டையையும் செடியையும் நட்டு, காற்று விடுகிற மோட்டாரையும் பூட்டிவிட்டுப் போனார். தண்ணீர் ஊறட்டும், மீன் அப்புறம் என்று சொல்லியிருந்தார். சில வாரம் வெறும் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பிறகு மருந்து வாங்க விழுப்புரம் போன ஒரு நாள், அருணா சொன்ன அடையாளத்தை வைத்து ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தாள் செண்பகம்.

கடைக்காரர் ஜாபர் சாதிக், கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் பல வருஷம் இதே தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மீனைக் காட்டுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். தொட்டி எத்தனை அடி, தண்ணீர் ஊற்றி எத்தனை நாள், எந்தத் தண்ணீர்.

"போர் தண்ணிதான் பாய். பருப்பு வேவாது, அப்பேர்ப்பட்ட தண்ணி."

"அப்ப அந்தச் செவப்பும் நீலமுமா மின்னுதே, நியான், அத வுட்டுடுங்க. அதுக்கு உப்பு கம்மியான தண்ணி வேணும்."

செண்பகம் தங்க மீனைக் காட்டினாள். கொழுகொழுவென்று அதுதான் லட்சணமாக இருந்தது.

"அது ரெண்டடித் தொட்டிக்கு ஆவாதும்மா. கையளவு வளரும், தண்ணிய நாறடிக்கும்."

"சரி, இந்தா முக்கோணமா நிக்குதே, இது?"

"ஏஞ்சல். இப்ப சாதுவாத்தான் இருக்கும். வளந்துச்சுன்னா கப்பி மாதிரி சின்ன மீன வாயில போட்டுக்கும்."

"இந்த நீளத் தோகைக்காரரு?"

"ஃபைட்டர். கப்பியோட வால் தோகையப் பாத்தா இன்னொரு ஃபைட்டர் வந்துட்டான்னு சண்டைக்குப் போவான்."

செண்பகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் பாய், கடை வச்சிருக்கிறது விக்கறதுக்கா, காட்டறதுக்கா? எதக் கேட்டாலும் ஆவாதுங்கிறியே!"

ஜாபர் சாதிக் விழுந்து விழுந்து சிரித்தார். "விக்கறதுக்குத்தாம்மா. நாளிக்கு செத்துப்போச்சுன்னு வந்து நீங்க என்னத் திட்டக்கூடாதில்ல? ஒரு வூட்டுல மூணு குடித்தனம் வக்கிறமாதிரி நெனச்சிக்குங்க. மேலாப்புல கப்பி திரியும். ஆம்பள கப்பியா மட்டும் தர்றேன், பொட்டையும் சேத்தா குட்டி போட்டுப் போட்டு பேஜாராயிடும். நடுவுல பிளாட்டி, மோலி. தரையில கோரி, அது மண்ணக் கிளறிக்கினு அதுபாட்டுக்குக் கெடக்கும். ஒருத்தர் வாய்க்குள்ள ஒருத்தர் போற சைஸ் இல்ல, ஒருத்தர் எடத்துக்கு ஒருத்தர் வரமாட்டாங்க. யாரு பாக்கறதுக்கு, பேரப் புள்ளைங்களா?"

"எங்கூட்டுக்காரரு" என்றாள் செண்பகம். சொல்லிவிட்டுக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மீனாகப் பார்த்துப் பார்த்து வலைக்கரண்டியில் பிடித்துக் கொடுத்தார்.

பாங்கு சொல்லும் நேரம். அவர் தொழுகைக்குக் கிளம்ப, உள்ளிருந்து அவர் மனைவி ஸாலிஹா வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். மீன் பைகளைக் கட்டிக் கூடையில் வைத்தாயிற்று. பணமும் கொடுத்தாயிற்று. செண்பகம் நகரவில்லை.

"தங்கச்சி, இத்தினி வாங்கிக்கினு போறேன். கொசுறு ஒண்ணு போடு."

"மீனுக்கு ஏதுக்கா கொசுறு?"

"ஏன், மீனுக்குக் கொசுறு கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கா?"

ஸாலிஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செண்பகத்தின் கண் அதற்குள் கடை முழுதும் மேய்ந்து மூலையில் போய் நின்றது. அங்கே ஒரு கண்ணாடி ஜாடியில் ஒற்றை மீன். விரல் கணு அளவுதான். உடம்பில் கறுப்புக் கோடு கோடாக இருந்தது.

"அது ஏன் அங்க தனியாக் கெடக்குது?"

"தெரியல்லக்கா. அவங்கதான் எடுத்து வச்சாங்க. ரொம்ப நாளா யாரும் கேக்கல. வேணும்னா எடுத்துக்குங்க."

தனியாகக் கிடப்பதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் ஒருத்தர் அப்படிக் கிடப்பது போதாதா? "வா சாமி, கூட்டத்தோட இரு" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி, போதாததற்குக் கொசுறு கிடைத்த சந்தோஷம். பஸ்ஸில் கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மீன் விட்ட அன்று தென்னரசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எத்தனை நேரம்தான் மூடிக்கொண்டிருப்பது? கண்ணைத் திறந்தால் எதிரே தொட்டி. கப்பிகள் தோகையை விசிறிக்கொண்டு போகின்றன, கறுப்பு மோலி கண்ணாடியில் வாயை ஒட்டி ஒட்டி எடுக்கிறது, தரையில் கோரிகள் மீசையால் மணலைத் துழாவுகின்றன. பாராதவர் பார்த்தார். பார்த்தபடியே ஒரு நாள் இட்லி முழுசாக உள்ளே போயிற்று. செண்பகம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பார்த்தது மீனை இல்லை, அவர் முகத்தை. தொட்டியில் என்ன நடக்கிறது என்று அவள் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தீனி டப்பாவோடு கிட்டே போவாள், எல்லா மீனும் ஒன்றாக மேலே ஓடிவரும், போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, ஒரு கப்பி செத்து மிதந்தது. தோகை பிய்ந்து போயிருந்தது. செண்பகத்துக்குப் பகீரென்றது. அவர் பார்ப்பதற்குள் எடுத்துக் கையில் மறைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீரம்மாள் பார்த்துவிட்டாள்.

"இதுக்குப் போயி ஏன் மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு நிக்கற? மீனு செத்தா நல்லதுடி. வூட்டுக்கு வந்த கண்டத்த அது தலைமேல வாங்கிக்கினு போயிடுச்சுன்னு அர்த்தம். எங்க பெரியப்பா வூட்டுல இப்பிடித்தான் ஆச்சு."

அன்றைக்கு மத்தியானம் தென்னரசு கோல் இல்லாமல் வாசற்படி வரைக்கும் நடந்தார். போதாதா? செண்பகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்த கப்பியை மஞ்சள் தடவி முருங்கை மரத்தடியில் புதைத்தாள். அடுத்த வாரம் இன்னொன்று செத்தது. அன்றைக்கு அவர் வலது கை விரல் ஒன்று அசைந்தது. அசைந்த மாதிரி இருந்தது என்றாவது வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்த வாயில்லா ஜீவன்கள் ஒவ்வொன்றும் அவர் நோயில் ஒரு பிடியை வாங்கிக்கொண்டு போகின்றன. இன்னும் நாலு போனால் பேச்சும் வந்துவிடும்.

பாவம் என்று தோன்றாமல் இல்லை. ஒவ்வொன்றையும் புதைக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சிடு சாமி, எனக்கு வேற வழி தெரியல." ஆனாலும் அடுத்த மருந்து வாங்கும் நாளில் கால் மீன் கடைக்குத்தான் நடந்தது.

"மறுபடியும் கப்பியாம்மா?" என்று கேட்டார் ஜாபர் சாதிக். "போன தபா குடுத்ததெல்லாம் இன்னா ஆச்சு?"

"பேத்தி கேட்டா பாய், குடுத்துட்டேன்." கூசாமல் வந்தது பொய்.

"தொட்டியில சண்ட கிண்ட எதனா போடுதுங்களா?"

"சேச்சே! அண்ணந்தம்பியாட்டம் கீதுங்க."

அவர் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மீனைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்.

இதற்கிடையில் தென்னரசு புதிதாக ஒன்று செய்ய ஆரம்பித்தார். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். செண்பகம் ஓடிவருவாள். தண்ணியா, கொல்லைக்குப் போகணுமா, முதுகு அரிக்குதா? இல்லை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் தொட்டியை நோக்கிக் கையை நீட்டுவார். "ம்ம்... ம்ம்..." என்பார். அவள் தொட்டிப் பக்கம் போவாள். மீன்கள் ஒன்றாக ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "ஆமாங்க, அழகா கீதுங்க" என்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணோரத்தில் தண்ணீர் நிற்கும். நோய் இறங்கும்போது இப்படித்தான் ஆளைப் போட்டு வாட்டும் என்று வீரம்மாள் அதற்கும் ஒரு கணக்கு சொன்னாள்.

கடைசியில் அவர் மறுபடியும் முதுகைக் காட்டிவிட்டார். இந்தத் தடவை தொட்டிக்கு. இட்லி அரையாகி, அரை கால் ஆயிற்று. செண்பகம் ஆடிப்போனாள். நல்லா வந்துகொண்டிருந்த மனுஷன் ஏன் இப்படி ஆனார்? மீன் போதவில்லையோ? ஒரு வாரமாக எதுவும் சாகவில்லையே. அன்றைக்கே பஸ் ஏறி விழுப்புரம் போனாள், ஒரு பை நிறையக் கப்பியோடு சாயங்காலம் திரும்பினாள்.

கூடத்து விளக்கைப் போட்டாள். தொட்டியின் மூடியை எடுத்தாள். பையின் ரப்பரை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பினாள். தென்னரசு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கோல் இல்லை, பிடி இல்லை, கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. வாய் கோணிக் கோணி எதையோ தேடியது.

"கொ... கொல்... கொல்லாத."

பை கையிலிருந்து நழுவ இருந்தது. பிடித்துக்கொண்டாள். பேச்சு! அவர் பேச்சு! "வீரம்மா! ஏ வீரம்மா! எங்கூட்டுக்காரரு பேசிட்டாருடீ!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பாதி தூரத்தில் கால் நின்றுவிட்டது. அவர் என்ன சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதம் கழித்து வாய் திறந்த மனுஷன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, கொல்லாதே.

மெல்லத் திரும்பி வந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அசையாமல் இருந்தாள். அந்தக் கட்டிலிலிருந்து, அவர் கண்ணிருக்கிற உயரத்தில் அவள் தொட்டியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மேலே கூடியிருந்த மீன்கள் தீனி இல்லை என்று கலைந்தன. அப்புறம் பிளாஸ்டிக் கோட்டையின் ஓட்டைக்குள்ளிருந்து அது வந்தது. கொண்டுவந்தபோது விரல் கணு அளவு இருந்த கொசுறு, இப்போது கட்டைவிரல் தண்டி. கோடெல்லாம் கறுத்து மினுமினுத்தது. வந்ததும் ஒரே பாய்ச்சல். பிளாட்டி ஒன்று சிதறி ஓடியது. விடவில்லை, துரத்திப் போய் மூலையில் ஒடுக்கிக் கடித்தது. தண்ணீரில் ஒரு செதில் மினுக்கிக்கொண்டு இறங்கியது. மற்றதெல்லாம் செடிக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. கறுப்பு மோலிக்கு வாலே இல்லை. இதைத்தான் அவர் பகலெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பிடித்தெடுக்கக் கை இல்லை, எடுத்துச் சொல்ல வாய் இல்லை.

"நான் பாக்கலீங்க" என்றாள் செண்பகம். "கிட்டப் போனா எல்லாம் ஒண்ணா ஓடியாருமே. நான் கண்டனா? செத்தா நல்லதுன்னு இருந்துட்டேன். ஒங்களுக்கு வந்தத அதுங்க வாங்கிக்கினு போவுதுன்னு வாங்கி வாங்கி வுட்டேன். ஒங்களுக்காகத்தாங்க. சத்தியமா ஒங்களுக்காகத்தான்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கோபமா, என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. தலையை உதறிக்கொண்டார். மறுபடியும் முயன்றார்.

"போ... போலாம்."

"எங்கீங்க?"

"கடை."

அன்றைக்கே கொசுறை டீ வடிகட்டியால் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் விட்டார்கள். பிடிப்பதற்குள் கூடமெல்லாம் தண்ணீர். புதுக் கப்பிகள் வாளியில் தங்கின. மறுநாள் காலையில் தெரிந்தவர் காரை வரச் சொல்லி இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஊரார் கண்ணில் படமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்ட மனுஷன், வேட்டியை மாற்றிக் கட்டச் சொல்லி வாசலில் வந்து நின்றார். வழியெல்லாம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவர்தான். செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொல்லாதே, கொல்லாதே என்று காதுக்குள் அது ஓயவில்லை. அவர் பேசிவிட்டாரே என்று சந்தோஷப்படக்கூட அந்த வார்த்தை அவளை விடவில்லை.

கடையில் கூட்டம். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், குழந்தையோடு ஒரு தம்பதி. ஜாபர் சாதிக் பாட்டிலைக் கண்டதும் அதிர்ந்துபோனார்.

"இது எப்பிடிம்மா ஒங்க கையில? சிக்லிட் குஞ்சாச்சே! கூட இருக்கறத எல்லாம் அடிச்சிப்போடுதுன்னுதான் பிரிச்சி வச்சேன். நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கிலேருந்து ஜாடி காலி. செத்துப்போயி இவதான் எடுத்துக் கொட்டிட்டான்னு நெனச்சேன்."

கல்லாவிலிருந்த ஸாலிஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தங்கச்சி மேல தப்பு ஒண்ணுமில்ல பாய். நாந்தான் கொசுறு கேட்டு வாங்கினேன்" என்றாள் செண்பகம். "பேத்திக்குக் குடுத்தேன்னு சொன்னதும் பொய்தான். எல்லாத்தையும் இது..."

ஜாபர் சாதிக் அவளை விட்டுவிட்டுத் தென்னரசுவின் பக்கம் திரும்பினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அய்யா, நீங்கதான கூடவே இருந்து பாத்தீங்க. இன்னா நடந்துச்சு, சொல்லுங்க."

செண்பகம் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டாள். தென்னரசு இடது கையைத் தூக்கினார், சும்மா இரு என்று. அவள் மூடிக்கொண்டாள்.

அவர் தொண்டையைச் செருமினார். உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அம்பது" என்றார்.

கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை அவர் வாயையே பார்த்தது. தென்னரசுவின் முகம் செக்கச் சிவந்தது. அவ்வளவுதான், போயிற்று, இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கமாட்டார் என்று செண்பகத்துக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவர் வாயைப் பொத்திவிடலாமா, தானே ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா என்றிருந்தது. புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அவசரமே இல்லங்கய்யா" என்றார் ஜாபர் சாதிக். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

தென்னரசு கண்ணை மூடித் திறந்தார். "இல்ல. இல்ல. எடம்." மூச்சு வாங்கினார். "எடம்... சின்னது. இது... பெரிசு... ஆவுது. இது மேல... தப்பு... இல்ல."

"சரியாச் சொன்னீங்க. பெரிய தொட்டியில, அதும் ஜாதியோட வுட்டா அது பாட்டுக்கு இருக்கும்" என்றார் ஜாபர் சாதிக். பேச்சு முடிந்தது என்று நினைத்துப் பாட்டிலை வாங்கக் கை நீட்டினார். தென்னரசு கொடுக்கவில்லை. இன்னும் முடியவில்லை என்று தலையை ஆட்டினார். மெதுவாகத் திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னாலும் அவளை நோக்கிக் கையை நீட்டினார். அந்தக் கை வலது கை. முழங்கை உயரத்துக்குத்தான் வந்தது, அதற்கே அவருக்கு வேர்த்துவிட்டது.

"இவ... இவ மேலயும்... தப்பு இல்ல. எனக்கு... எனக்காவ... செஞ்சா."

செண்பகத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து அடைத்து வைத்திருந்தது அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்தது. கடை நடுவில், யார் என்ன என்று பார்க்காமல், முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அழுவாத" என்றார் தென்னரசு. அந்த வார்த்தை மட்டும் எங்கேயும் தடுக்காமல் வந்தது.